நூற்பட்டியைத் திருத்தக் கணிப்பொறி: தேசிய நூலகத்துக்கு ஒரு யோசனை

கொல்கத்தாவின் அலிப்பூர்ப் பகுதியில், ஆங்கில ஆட்சியாளர் ஒருகாலத்தில் உறைந்த பெல்வெடேர் மாளிகை வளாகத்தில் நமது தேசிய நூலகம் அமைந்துள்ளது. 1836-ஆம் ஆண்டில் தோன்றிய கல்கத்தா பொது நூலகமும், 1903-இல் கர்சன் பிரபு பொதுமக்களுக்குத் திறந்துவைத்த இம்பீரியல் நூலகமும் இதன் முன்னோடிகளாகும். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெயர் மாற்றம் பெற்ற இந்நூலகத்தை, 1953 பிப்ரவரி முதல் நாளன்று மௌலானா அபுல் கலாம் ஆசாத் மக்களுக்குத் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் ஒரு படியும் இங்கு வந்து சேர வேண்டும். ஆகவே, சென்னையில் அச்சாகும் தமிழ் நூலுக்கும் வங்கத் தலைநகரில் ஓர் இடம் உண்டு. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை அவர்கள் அரிதின் தொகுத்த நூல்களும் இங்கேயே பேணப்படுகின்றன.

ஆனால், நூல் ஒரு கட்டிடத்தில் இருப்பது வேறு. அது தேடுவார் கைக்கு எட்டுவது வேறு. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் உள்ள இடத்தில் வாசகருக்கு வழிகாட்டுவது நூற்பட்டி ஒன்றே. பட்டியில் பெயர் பிறழ்ந்து நிற்கும் நூல், அலமாரியில் நலமாக இருப்பினும் தொலைந்துபோன நூலுக்கு ஒப்பாகும். வாசகரின் காலத்தைப் பேணுக என்பது சீர்காழி தந்த நூலக மேதை ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது. அவ்விதியை இந்நாளில் நிறைவேற்றத் தரவு அறிவியல் பெருந்துணை புரியக்கூடும். ஆயினும் அதனை எங்கே அமர்த்துவது, எங்கே நிறுத்துவது என்பதை முதலிலேயே தெளிந்துகொள்ள வேண்டும் என்பது எமது கருத்து.

இடர்ப்பாடு எங்கே தோன்றுகிறது? பல மொழி நூல்களை ஒரே வரிசையில் நிறுத்தும் பொருட்டு, அவற்றின் பெயர்களை உரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதும் வழக்கம் நூலகங்களில் வேரூன்றியது. கொல்கத்தாவிலிருந்து 1958-ஆம் ஆண்டு முதல் வெளிவரத் தொடங்கிய இந்திய தேசிய நூற்றொகையும் அவ்வழியையே மேற்கொண்டது. அக்காலத்து அச்சு வசதிகளை நோக்க அது தகுந்த ஏற்பாடே. எனினும், பாரதி என்னும் எளிய பெயரைக் காண்க. முதலிலுள்ள பகரத்தை வன்மையாகவோ, மென்மையாகவோ, மூச்சொலி கூட்டியோ மூவகையாக எழுதலாம். அதையடுத்த நெடிலை ஓரெழுத்தாலோ ஈரெழுத்தாலோ காட்டலாம். தகரத்துக்கும் இருவகை உண்டு. ஈற்றிலுள்ள இகரத்துக்கும் இருவகை உண்டு. மூன்றை மூன்றுமுறை இரண்டால் பெருக்கினால் இருபத்துநான்கு வடிவங்கள்! ஒரு வடிவத்தைக் கொண்டு தேடுபவருக்கு ஏனைய வடிவங்களில் பதிவான நூல்கள் தென்படாமற் போகலாம். வங்காளிகள் ‘டாகூர்’ என்னாது ‘டாக்குர்’ என்றே வழங்கும் கவியரசரின் பெயரும் இத்தகைய இடருக்கு விலக்கன்று.

இங்கே கணிப்பொறி உதவிக்கு வருகிறது. ஒரு சொல்லை மற்றொரு சொல்லாக ஆக்குவதற்கு எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என எண்ணி, இரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவை அளக்கலாம். இம்முறையை ரஷ்ய அறிஞர் லெவன்ஷ்டைன் 1965-இல் வகுத்தார். ஆசிரியர் பெயரின் தொலைவோடு தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்க எண்ணிக்கை ஆகியவற்றையும் ஒப்பிட்டால், ஒன்றேயான நூலைக் குறிக்கும் பதிவுகளை இயந்திரம் விரைவில் அடையாளங் காட்டிவிடும். மனிதர் பல ஆண்டுகள் அமர்ந்து செய்யவேண்டிய ஒப்பீட்டை அது மிகக் குறுகிய காலத்தில் முடிக்கும்.

அவ்வாறாயின் முழுப்பொறுப்பையும் இயந்திரத்திடமே விட்டுவிடலாமே எனச் சிலர் கூறுவர். அது தவறு. சுப்பிரமணிய பாரதியார், சுத்தானந்த பாரதியார், சோமசுந்தர பாரதியார் மூவரும் வெவ்வேறானவர். முன்னெழுத்தோடு சுருங்கிய பெயர்களைக் கண்டு மயங்கும் இயந்திரம் இருவரை ஒருவராக்கிவிடக்கூடும். மறுபுறம், கல்கியும் ரா. கிருஷ்ணமூர்த்தியும் ஒருவரே, புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே. எழுத்துத் தொலைவை எத்துணை நுட்பமாக அளந்தாலும் இவ்வுண்மை புலப்படாது. உ. வே. சாமிநாதையரின் முதலெழுத்து ஊரையும், அடுத்தது தந்தையையும் குறிப்பன என்பதைத் தமிழ் மரபு அறிந்தவரே உணர்வர். தவறாக ஒன்றுசேர்த்த பதிவுகளைப் பின்னர்ப் பிரிப்பது, பிரிந்து கிடந்தவற்றைச் சேர்ப்பதினும் கடினமான வேலையாகும்.

இதற்கு வழி உண்டு. 1969-ஆம் ஆண்டில் கனடா நாட்டுப் புள்ளியியலாளர் ஃபெல்லேகி, சன்டர் இருவரும் பதிவுகளை இணைப்பதற்கு ஒரு கோட்பாடு வகுத்தனர். அதன்படி இயந்திரம் ஒவ்வோர் இணையையும் மூன்றில் ஒரு வகையில் சேர்க்கும்: ஒன்றே எனத் துணியத்தக்கவை, வேறே எனத் துணியத்தக்கவை, ஐயத்துக்குரியவை. மூன்றாம் வகையை மட்டும் மனிதர் பார்வைக்கு அனுப்புதல் வேண்டும். அப்பார்வை தமிழுக்குத் தமிழறிந்த பட்டியலாளரிடமும், வங்காளிக்கு வங்காளி அறிந்தவரிடமும் செல்லவேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது. இயந்திரம் வந்துவிட்டதென்று மொழியறிந்த பணியாளரைக் குறைப்பது, விதையை விற்று ஏர் வாங்குவது போலாகும்.

செலவுக்கு அஞ்சவேண்டியதில்லை. இதே கொல்கத்தாவில் மகலனோபிஸ் 1931-ஆம் ஆண்டில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகம் நமக்கு நெறி காட்டியுள்ளது. வங்கத்துச் சணல் விளைச்சலை அறிய அவர் எல்லா வயல்களையும் அளக்கவில்லை; மாதிரிகளைத் தேர்ந்து, தனித்தனிக் குழுவினரைக் கொண்டு அளக்கச் செய்து, முடிவுகளை ஒப்பிட்டுப் பிழையின் அளவை மதிப்பிட்டார். நூற்பட்டிக்கும் அதுவே போதும். ஆயிரம் தமிழ்ப் பதிவுகளைக் குருட்டாம்போக்கில் எடுத்து, இருவர் ஒருவரையொருவர் அறியாமல் சோதிக்கட்டும். பிழை எவ்வளவு, எவ்வகையினது என்பது வெளிப்படும். அதன்பின் பணம் செலவிடலாம். ரங்கநாதனும் 1948-ஆம் ஆண்டிலேயே ‘நூலக அளவியல்’ என்னும் துறை வளரவேண்டும் என எடுத்துரைத்தார். 1962-இல் அவர் தலைமையில் பெங்களூரில் அமைந்த ஆவணப் பயிற்சி மையமும் இப்புள்ளியியல் கழகத்தின் கிளையே. இரு துறைகளும் நம் நாட்டில் முன்னரே கைகோத்தவை.

வாசகர் தேடிக் காணாத சொற்களையும் திரட்டி ஆராய்தல் நன்று. பலர் ஒரு பெயரைத் தேடி வெறுங்கையோடு திரும்பினர் எனில், பிழை பட்டியிலா, நூலின்மையிலா என ஆராயலாம். ஆனால் தேடிய சொல்லைக் குறித்தாற் போதும். தேடியவர் யார் எனக் குறித்துவைத்தல் ஆகாது. ஒருவர் எதைப் படிக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம்.

இன்று சில நாடுகள் மேலும் ஒரு படி சென்றுள்ளன. பின்லாந்தின் தேசிய நூலகம் உருவாக்கிய ‘அன்னிஃப்’ என்னும் கருவி, நூலின் பொருளுக்கேற்ற தலைப்புகளைத் தானே முன்மொழிகிறது. அது பழைய பதிவுகளைக் கண்டு கற்கும் கருவி. கற்பிக்கும் பாடம் பிழையாயின் கற்றதும் பிழையாகும். எனவே தமிழ் நூல்களுக்கு இத்தகைய கருவியை விரும்புவோமானால், முதலில் தமிழ்ப் பதிவுகள் தமிழ் எழுத்திலேயே செம்மையாக அமைந்திருத்தல் இன்றியமையாதது. கணிப்பொறிகள் இந்திய எழுத்துகளனைத்தையும் கையாளும் இந்நாளில், உரோமன் வடிவம் துணையாக இருக்கட்டும். மூல எழுத்தே முதன்மை பெறட்டும்.

மாதிரி ஆய்வு, மூல எழுத்தில் பதிவு, இயந்திர ஒப்பீடு, மொழியறிந்தோர் தீர்ப்பு என்னும் இந்நான்கையும் இவ்வரிசையிலேயே மேற்கொண்டால், அலிப்பூரில் சேர்ந்துள்ள தமிழ்ச் செல்வம் தேடுவார்க்கெல்லாம் பயன்படும். வரிசை மாறினால் வேகம் மிகும். பிழையும் அதே வேகத்தில் மிகும்.