பார்வோனும் பாவத்தை ஒப்புக்கொண்டான்

கடந்த தவக்காலத்தில் எங்கள் பங்கில் மூன்று நாள் தியானம் நடந்தது. பொருள், கடின உள்ளம். வெளியூரிலிருந்து வந்த சாமியார் நன்றாகவே பேசினார். செபம் குறைந்தால் மனம் இறுகும், கைப்பேசியால் இறுகும், மாமியார் மருமகள் சண்டையால் இறுகும் என்றார். பலர் அழுதார்கள். கல்லறையைப் பற்றி மட்டும் மூன்று நாளும் ஒரு சொல் இல்லை. அங்கே எங்கள் தெருக்காரர்களுக்குத் தனி இடம், தண்ணீர் தேங்கும் மேற்கு மூலை. என் அம்மாச்சியை அங்கேதான் புதைத்தோம்.

கடைசி நாள், பங்குப் பேரவைப் பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "தம்பி, படிச்ச புள்ள நீ. மனசக் கல்லாக்கிக்காத. மன்னிச்சு விட்டுடு" என்றார்.

அடிபட்டவனைப் பார்த்து, உன் மனம்தான் கல் என்கிறார்கள். இந்தத் தலைகீழ் உபதேசத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

விவிலியத்தில் கடின உள்ளத்துக்குப் பேர்போனவன் யார்? செங்கல் அறுத்த அடிமை அல்ல, அறுக்க வைத்த பார்வோன். விடுதலைப் பயண நூலை மெதுவாகப் படித்துப் பாருங்கள். அவன் உணர்ச்சியற்றவன் அல்ல. தவளைகள் நாட்டை நிறைத்தபோது, எனக்காக மன்றாடுங்கள் என்று கெஞ்சினான். ஏழாவது வாதையாக ஆலங்கட்டி மழை அடித்தபோது, நான் பாவம் செய்துவிட்டேன் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். மழை நின்றது, மனம் மறுபடி இறுகியது. அடிமைகளை மட்டும் விடவில்லை. கண்ணீர் வராத மனம் மட்டும் கடின மனம் அல்ல. பாவத்தை ஒப்புக்கொண்ட பிறகும் பிடியைத் தளர்த்தாத மனம் அதைவிடக் கடினமானது.

இப்போது நம் திருச்சபையைப் பாருங்கள். 2003இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில், சம மரியாதை கிடைக்காத தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒரு கொள்கை ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது. ஒப்புதலுக்குக் குறைவில்லை. ஆனால் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்த சுவரைப் பற்றி எத்தனை ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்!

"சாதி இந்து மதத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது, திருச்சபை என்ன செய்யும்?" என்பார்கள். சாதி எங்கிருந்து வந்தது என்பது எனக்கும் தெரியும். கல்லறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே என் கேள்வி.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, தலித் கிறித்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. சீக்கியர்களை 1956இலும் பௌத்தர்களை 1990இலும் சேர்த்தார்கள், எங்களைச் சேர்க்கவில்லை. இந்த அநீதியைக் கண்டித்து ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாகத் திருச்சபை கடைப்பிடிக்கிறது. சரியான போராட்டம், நானும் கறுப்புக்கொடி பிடித்திருக்கிறேன். ஆனால் அரசிடம் போய், மதம் மாறியும் எங்கள் மக்களைச் சாதி விடவில்லை என்று வாதாடுகிறவர்கள், ஞாயிறு பிரசங்கத்தில் மட்டும் கிறிஸ்துவில் நாம் எல்லோரும் ஒன்று என்று முடித்துக்கொள்வது எப்படி?

கோபப்படுவது கடின உள்ளம் ஆகாது. தொழுகைக்கூடத்தில் கை சூம்பிய மனிதனைக் குணமாக்குவாரா என்று கண்காணித்தவர்களை இயேசு கோபத்தோடு பார்த்தார், அவர்களுடைய மனக்கடினத்துக்காக வருந்தினார் என்கிறது மாற்கு நற்செய்தி. கோபமும் வருத்தமும் அவரிடம் சேர்ந்தே இருந்தன. பிறகு அந்த மனிதனை மன்னித்து விட்டுவிடச் சொல்லவில்லை. கையை நீட்டச் சொன்னார்.

எனக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். முனைவர் பட்ட ஆய்வுக்காகக் கல்லறை கல்லறையாக அலைகிறேன். ஒரு நாள் இன்னொரு ஊரின் பிரிப்புச் சுவரை நாடா பிடித்து அளந்து, நோட்டில் உயரத்தைக் குறித்துவிட்டு, டீக்கடை தேடிப் போனேன். பாதி வழியில்தான் உறைத்தது, எனக்கு எதுவுமே தோன்றவில்லை என்று. அநீதி தகவலாக மட்டும் மாறிவிட்ட அந்த நிமிடத்தைக் கண்டுதான் பயப்படுகிறேன். சாதி ஒழிப்பு பேசும் நம் எல்லோருக்கும் இது பொருந்தும், தோழர்களே.

ஆகவே உள்ளம் இளகியதற்கு அடையாளமாக இனி கண்ணீரைக் காட்டாதீர்கள். ஒரே கல்லறை, ஒரே பாதை, எல்லாத் தெருவுக்கும் வரும் தேர், தலித் கிறித்தவர்களுக்கும் நிர்வாகத்தில் அதிகாரம். அடுத்த தவக்காலத் தியானத்தைக் கல்லறை வாசலில் வையுங்கள். சாமியார் பேச வேண்டாம். கடப்பாரையும் மண்வெட்டியும் போதும்.