மூங்கில் மட்டையும் மரமெனும் விதியும்

பென்னாகரத்துச் சிறுவர் பலர் கிரிக்கெட் பழகுங்கால் முதலிற் கையிலெடுப்பது தென்னை மட்டையே. வில்லோ மரத்தாற் செய்த நல்ல மட்டையின் விலை, அவர்தம் தந்தையரது பன்னாட் கூலியை விழுங்கிவிடும். அடுத்துள்ள ஒகேனக்கலிற் பரிசல் முடைய உதவும் மூங்கிலோ, அவர்கள் அன்றாடம் காணும் பொருள். அதனால் மட்டை செய்தல் ஆகாதோ எனின், விதி தடுக்கின்றது.

விதிகள் வேண்டாவென்பது நம் கருத்தன்று. 1771-ல் இங்கிலாந்தில் ஒருவர் மிக அகன்ற மட்டையுடன் ஆடவந்தார். அதன் பயனாக, மட்டையின் அகலம் 4¼ அங்குலத்துக்கு மேற்படலாகாதென வரையறுத்தனர். 1979 டிசம்பரில் பெர்த் நகரில் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையேந்தி நின்றார். அது பந்தைச் சிதைப்பதாக இங்கிலாந்து அணித் தலைவர் பிரியர்லி முறையிட்டார். 1980-ஆம் ஆண்டு விதித்தொகுப்பு, மட்டையின் அலகு மரத்தாலேயே ஆகவேண்டுமென்றது. 2017-ல் விளிம்பின் கனமும் 40 மில்லிமீட்டருக்குள் அடங்கவேண்டுமெனப் பணித்தனர். இவையாவும் பந்தெறிவார்க்கும் அடிப்பார்க்கும் நடுவுநிலை காக்க எழுந்தவை.

நிற்க. 2021-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மூங்கிற் கீற்றுக்களை ஒட்டி மட்டையொன்று செய்து சோதித்தனர். அது வில்லோவினும் வலிதென்றும், ஆயின் எடை மிகுந்ததென்றும் கண்டனர். விதிகளைப் பேணும் மேரிலிபோன் கிரிக்கெட் கழகமோ, மூங்கில் புல்லினத்தது, ஆதலின் அம்மட்டை விதிக்கு ஒவ்வாதென்றது. தொல்காப்பியர்க்கும் இது உடன்பாடே! புறத்தே வயிரமுடையன புல், அகத்தே வயிரமுடையன மரம் என்பது மரபியல் கூறும் பாகுபாடு. அவ்வாறு நோக்கின், நம் சிறுவரின் தென்னை மட்டையும் புல்லே.

ஆயினும், பெயர் வேறு, பயன் வேறு. அலுமினியத்தை விலக்கியது அது பந்துக்குத் தீங்கிழைக்குமென்ற அச்சத்தால். மூங்கிலை விலக்குவதோ தாவர நூற் பாகுபாட்டால். மூங்கில் மட்டை பந்தை அளவிறந்து விரட்டுமே என்பார் உளர். அவ்வச்சம் நியாயமானதே. அங்ஙனமாயின், அதன் விசையைச் சோதித்து, கனத்தையும் வடிவையும் குறைக்க விதி செய்க. பந்து சிதையுமேல் அறவே விலக்குக. சோதித்துப் பாராமல், புல்லென்னும் பெயரொன்றையே குற்றமாக்குதல் முறையன்று.

உலகப் பந்தயங்களின் விதி மாறும்வரை காத்திருத்தலும் வேண்டா. கலாசாலைகளும் பள்ளிகளும் தமக்குள் ஆடும் நட்பாட்டங்களிலேனும் மூங்கில் மட்டைக்கு இடமளித்துப் பார்க்கலாம். விளையாட்டின் நடுவுநிலை களத்தினுள் மட்டும் அமைந்தாற் போதாது. பொருளில்லாச் சிறுவனும் களத்தினுட் புக வழியிருத்தல் வேண்டும்.