பத்துப் பவுண்டு வீடு

அரண்மனைகளைப் பாதுகாக்க வேண்டும் என்றால் எவரும் மறுப்பதில்லை. பழைய எளிய வீடு என்றால் மட்டும், ‘இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமே’ என்கிறோம். இதை நான் ஏற்கவில்லை.

இங்கிலாந்தின் ஆல்ஃபிரிஸ்டன் சிற்றூரில் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாதிரியார் இல்லம் ஒன்று உள்ளது. மரச்சட்டங்களுக்கு இடையே குச்சிகளைப் பின்னி, களிமண் பூசிய சுவர்கள். மேலே வேய்ந்த கூரை. நடுக்கூடத்திற்கு மாடி இல்லை. நிமிர்ந்து பார்த்தால் கூரையின் உட்புறமே தெரியும். அக்காலத்தில் கூடத்தின் நடுவில் தீ மூட்டுவார்கள். புகைபோக்கி கிடையாது; புகை மேலெழுந்து கூரை வழியே வெளியேறும். தரையைக் கேட்டால் வியப்பீர்கள்! சுண்ணக்கல்லை இடித்துப் பரப்பி, புளித்த பாலை ஊற்றி இறுகச் செய்த தரை அது.

பாழடைந்து கிடந்த இவ்வீட்டை 1896இல் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை 10 பவுண்டுக்கு வாங்கியது. அது வாங்கிய முதல் கட்டடம் இதுதான். பழுதுபார்க்கவோ பன்மடங்கு செலவாயிற்று. வீண்செலவு என்று சிலர் கூறலாம். ஆனால், அரசர்களின் வாழ்வை நூல்கள் சொல்லும். சாதாரண மக்கள் எந்தத் தரையில் நடந்தார்கள், எந்தப் புகையில் அமர்ந்திருந்தார்கள் என்பதை வேறு எங்கே காண்பது? அந்தக் கூடத்தைப் பார்க்க இன்றும் மக்கள் கட்டணம் செலுத்தி வருகிறார்கள்.