நோயாளிக்குத் தனிப் பாத்திரம் தேவையா?

நீரிழிவோ இரத்தக்கொதிப்போ உள்ளதென்று ஒருவருக்கு உறுதியானவுடன் நம் பகுதி வீடுகளில் முதல் மாற்றம் அடுப்பங்கரையில்தான் நிகழ்கிறது. அவருக்கென்று ஒரு சிறு பாத்திரத்தில் உப்பும் உறைப்புமின்றித் தனிச் சமையல். ஏனையோருக்கு வழக்கமான சோறும் குழம்பும். அக்கறையினால் செய்யப்படும் ஏற்பாடுதான். ஆயினும் அது நிலைப்பதில்லை என்பது என் கருத்து. நாள்தோறும் இருமுறை சமைப்பவர் களைத்துப் போகிறார். பத்தியச் சோற்றைத் தனியே உண்பவரோ சில வாரங்களிலேயே பிறருடைய குழம்புச் சட்டியை நாடத் தொடங்குகிறார்.

இவ்விரு நோய்களும் குடும்பவழி தொடரும் இயல்புடையவை என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். தந்தைக்கு மட்டும் உணவை மாற்றிவிட்டு, மகன் ஊறுகாயும் அப்பளமுமாக உண்பது எவ்வகையில் பொருந்தும்? மாற வேண்டியது வீட்டின் பொதுப் பானை.

அதற்கு ஏற்ற உணவு நம்மிடமே உள்ளது. கோவில்பட்டியிலும் திருநெல்வேலிச் சீமையிலும் அனைவரும் அறிந்த கூட்டாஞ்சோறுதான் அது. அரிசி, துவரம்பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், அவரைக்காய், மாங்காய், முருங்கைக்கீரை ஆகிய அனைத்தும் ஒரே பாத்திரத்தில் வெந்து, தேங்காயும் சீரகமும் வற்றலும் சின்ன வெங்காயமும் அரைத்த விழுதுடன் சேரும். ஆனால் இன்று பல வீடுகளில் அது காய் தூவிய சோறாகிவிட்டது. காய்களின் நடுவே சோறு தென்பட வேண்டுமே தவிர, சோற்றின் நடுவே காயைத் தேடக்கூடாது. நால்வருக்கு 200 கிராம் அரிசி, 100 கிராம் பருப்பு, 700 கிராம் காய்கள், இரண்டு கைப்பிடி கீரை என்பது நான் பரிந்துரைக்கும் அளவு. நாளொன்றுக்கு ஒருவர் குறைந்தது 400 கிராம் காய்கனிகள் உண்ண வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இந்த ஒருவேளை உணவிலேயே அதில் ஏறக்குறையப் பாதி கிடைத்துவிடும்.

அரிசிக்குப் பதிலாக நம் கரிசல் நிலத்தில் மானாவாரியாக விளையும் குதிரைவாலியையும் சேர்க்கலாம். அது விரைவில் வெந்துவிடுமாதலால் காய்கள் பாதி வெந்தபின் இடுவது நன்று. சிறுதானியம் என்பதற்காக அளவின்றி உண்ணுதல் தகாது. அதிலும் மாவுச்சத்து உண்டு. இரத்தச் சர்க்கரை அதனாலும் உயரும்.

சமைக்கும் முறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புளியையும் மாங்காயையும் பருப்பு குழைந்த பிறகே சேர்க்க வேண்டும்; புளிப்பு முன்னரே சேர்ந்தால் பருப்பு எளிதில் வேகாது. கீரையை இறுதியில் இட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கலாம். இந்தப் புளிப்பும் சீரக மணமும் இருப்பதனால் உப்பைக் குறைத்தாலும் நாவுக்குக் குறை தெரிவதில்லை. வற்றலைப் பாதியாக்கி மிளகு சேர்த்தால், உறைப்புக்குப் பழகிய நம்மவர்கள் முகம் சுளிக்கமாட்டார்கள். பல் இல்லாத முதியோருக்கு அதே சோற்றைச் சற்று மசித்துக் கொடுத்தால் போதும்.

உப்பைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகவே சொல்ல வேண்டியுள்ளது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு போதும்; அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. பானையில் குறைத்துவிட்டு, தொட்டுக்கொள்ள அப்பளம், கூழ்வடகம், மோர்மிளகாய், ஊறுகாய் என்று வைத்தால் குறைத்ததெல்லாம் திரும்ப வந்துவிடும். கூட்டாஞ்சோற்றுக்கு அப்பளம் இல்லாமல் எப்படி என்று கேட்போர் உண்டு. அந்த ஏக்கம் எனக்கும் புரிகிறது. மாதத்தில் ஒருநாள் இருக்கட்டும். கல்லுப்பும் இந்துப்பும் தீங்கற்றவை என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. அவற்றிலும் பெரும்பகுதி அதே சோடியம் உப்புத்தான்.

ஆனால் அனைத்து நோயாளிகளுக்கும் இந்தப் பொதுப் பானை பொருந்தும் என்று நான் கூறமாட்டேன். சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மருத்துவர் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கலாம். காயை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டால் அதிலுள்ள பொட்டாசியம் ஓரளவு வெளியேறும். கூட்டாஞ்சோற்றிலோ வெந்த நீர் முழுவதும் உணவிலேயே தங்கிவிடுகிறது. கீரையும் பருப்பும் வேறு சேர்கின்றன. ஆகவே இவர்கள் உணவியல் நிபுணரைக் கேட்காமல் இதை உண்ண வேண்டாம். சோடியம் குறைந்தது என்று கடைகளில் விற்கப்படும் உப்பில் பொட்டாசியம் கலந்திருப்பதால் அதையும் இவர்கள் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை உட்கொள்வோர் கீரையை ஒருநாள் மிகுதியாகவும் மறுநாள் அறவே இன்றியும் உண்ணாமல், வாரந்தோறும் ஒரே சீரான அளவில் உண்பது அவசியம்.

மழைக்காலத்தில் நம் கரிசல் காட்டில் அதலைக்காய் காய்க்கும்போது, அதை உண்டால் சர்க்கரை மாத்திரை தேவையில்லை என்று சொல்பவர்களையும் காண்கிறோம். அதலைக்காயைப் பொரியலாகத் தாராளமாக உண்ணலாம். அதன் கசப்பு கூட்டாஞ்சோற்றுக்குள் மட்டும் ஒத்துவராது. மாத்திரையை நிறுத்துவதற்கு அது காரணமாகாது.