காவல் நாயின் கழிச்சல் நோயும் வீட்டு வைத்தியத்தின் எல்லையும்

பிசான அறுவடை முடிந்து, தாமிரவருணிப் பாசன வயல்களில் ஆட்டுக்கிடை அமர்த்தும் நாட்களில், கிடைக்கு இவ்வளவு கூலி என்று நிலக்காரர் முன்னதாகவே பேசி முடித்துக்கொள்கிறார். அந்தக் கிடையை இராமுழுவதும் சுற்றிவந்து நரிக்கும் திருடருக்கும் இடங்கொடாமல் காக்கும் நாயைப்பற்றி ஒருவரும் பேசுவதில்லை. கன்றுக்குட்டி இரண்டுமுறை கழிந்தால் வீட்டார் அனைவரும் தொழுவத்தில் கூடிவிடுகின்றனர். நாய் இரண்டு நாள் கழிந்து கிடந்தாலும், புல்லைத் தின்று தானே சொஸ்தப்படுத்திக்கொள்ளும் என்று விட்டுவிடுகின்றனர். இவ்வழக்கம் கருணைக்கு மட்டுமன்றிக் கணக்குக்கும் பொருந்தாது. தோட்டமும் களமும் அறிந்த நாயை இழந்தபின் வேறொன்றைப் பழக்குவது எளிதன்று.

2005-ம் வருஷத்தில் இந்தியத் தபால் இலாகா இராஜபாளையம் நாயின் உருவத்தைத் தபால் தலையில் வெளியிட்டது முதல், ஜாதி நாய்களுக்கு வைத்தியம் பார்ப்பது கௌரவமாகக் கருதப்படுகிறது. நல்லதே. ஆனால் குடல் நோய் ஜாதி பார்த்து வருவதன்று. வாசலில் கிடக்கும் நாட்டு நாய்க்கும் அதே நோய், அதே சிகிச்சை.

கழிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் தீனியே. கலியாணம், கோயில் கொடை முதலியவை நடந்த மறுநாள் எச்சில் இலைக் குவியலையும், வாய்க்கால் கரையில் எறிந்த செத்த பிராணியையும் தின்ற நாய் கழியாமலிருந்தால்தான் ஆச்சரியம். இரக்கத்தினால் பால் ஊற்றுவோரும் உண்டு. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் ஜீரணமாவதில்லையாதலால் பேதி அதிகரிக்கும். கழிச்சல் கண்டும் நாய் சுறுசுறுப்பாயிருந்து, ஜலம் குடித்து, மலத்தில் இரத்தமின்றி இருக்குமானால், ஒரு நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

அவ்வாறு பார்க்கும்போது செய்யப்படும் பெரும் பிழை ஜலத்தை நிறுத்துவது. குடித்தால் மேலும் கழியும் என்ற எண்ணம் மனிதர் விஷயத்திலும் வெகுகாலம் இருந்தது. 1971-ம் வருஷத்தில் வங்காள எல்லையிலுள்ள வனகாம் அகதி முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் உப்பும் சர்க்கரையும் கலந்த ஜலத்தைக் குடிக்கக் கொடுத்து, நூற்றுக்கு முப்பது வரையிலிருந்த சாவை நான்குக்கும் கீழே குறைத்தார். நாயின் குடலும் இவ்விஷயத்தில் வேறுபட்டதன்று. காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் ஜலத்தில் சர்க்கரை 6 தேக்கரண்டியும் உப்பு அரைத் தேக்கரண்டியும், தலைதட்டி அளந்து, கரைத்துக்கொள்ளவேண்டும். உப்பு மிகுந்தால் கெடுதி. வாந்தி இருக்குமானால் ஓரிரு மணி நேரம் சும்மா விட்டு, பிறகு கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று கரண்டி வீதம் வைக்கவேண்டும். ஒரே மூச்சில் சட்டி நிறைய வைத்தால் குடித்தவுடன் கக்கிவிடும்.

வளர்ந்த நாய்க்கு அரை நாள் தீனி நிறுத்தலாம். குட்டியை அவ்வாறு பட்டினி போடலாகாது. பின்னர்க் குழைய வடித்த சோறும், தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழிக்கறியும் சிறிது சிறிதாக நான்கு வேளை கொடுத்து, மூன்று நாளில் பழைய தீனிக்குத் திருப்பலாம். சாம்பாரும் இரசமும் பிசையலாகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களை அழிக்கும். விளக்கெண்ணெய் கொடுத்துக் குடலைக் கழுவுவது, வற்றுகிற குளத்தின் மடையைத் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும். மனிதருக்குரிய மாத்திரைகளும் வேண்டா.

மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாயை நாயின் வாயில் செலுத்துவது மிகவும் தவறு; மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். இதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. விழுங்க முடியாமல் எச்சில் வடித்து, தாடை தொங்கி, குரல் மாறிய நாய்க்குத் தொண்டையில் எலும்பு சிக்கியிருப்பதாக எண்ணி வாயில் கைவிடுவோர் இருக்கின்றனர். அது வெறிநோயாக இருக்கலாம். அத்தகைய நாயைத் தொடாமல் தனியே அடைத்துவிட்டு மருத்துவருக்குச் சொல்லியனுப்பவேண்டும். கை வைத்துவிட்டவர் உடனே சோப்பிட்டுக் கால் மணி நேரம் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

இனி, வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாத நிலைமைகள். எலிகளை ஒழிக்க விவசாய இலாகாவே சிபாரிசு செய்துவந்த துத்தநாக பாஸ்பைடு கலந்த இரையை நாய் தின்றிருக்குமானால், மேலே கூறிய சோற்று வைத்தியம் கேடு விளைக்கும். வயிற்றில் உணவு சேரச் சேரப் புளிப்பு நீர் சுரந்து விஷவாயு பெருகும். வாந்தியிலிருந்து எழும் வாயு மனிதருக்கும் ஆகாதாதலால் மூடிய அறையில் வைத்தலாகாது. பூச்சிமருந்து உட்சென்றால் எச்சில் பெருகி, கண்மணி சுருங்கி, உடல் நடுங்கும். இரண்டிலும் ஒரு நாழிகை தாமதமும் கூடாது; மருந்துப் பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோகவேண்டும். கண்ணும் ஈறும் மஞ்சளித்தால் எலிக்காய்ச்சல் எனச் சந்தேகிக்கலாம். அந்நாயின் மூத்திரம் கலந்த வயல்நீரில் வெறுங்காலுடன் நாற்று நடுவோருக்கும் அக்காய்ச்சல் வருமாதலால் இது நாய் விஷயம் மட்டுமன்று.

குட்டிகளுக்கு எமனாக வருவது, 1978-ல் உலகில் முதன்முதலாகப் பரவலாய்க் காணப்பட்ட பார்வோ என்னும் நோய். வாந்தி, சோர்வு, துர்நாற்றமுள்ள இரத்தக் கழிச்சல் ஆகியவை அடையாளம். அன்றே நரம்பில் ஜலமேற்றவேண்டும். தோளின்மேல் தோலைக் கிள்ளி விட்டால் அது உடனே படியாமல் நிற்பதும், ஈறு வறண்டு பிசுபிசுப்பதும் உடல் வற்றியதைக் காட்டும். 2012-ம் வருஷம் முதல் திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆயினும் அம்பாசமுத்திரத்துக்கு அப்பாலுள்ள கிராமத்தார் முதலில் தங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குப் போவதே மேல்.

குட்டி பிறந்த 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கொருமுறை 16 வாரம் வரையில் தொடரவேண்டும். மாட்டுக்குக் கோமாரி ஊசி போடும் முகாமன்றே நாய்களையும் கொண்டுவரச் செய்யவும், கொடை முடிந்த இரவே எச்சில் இலைகளைக் குழியிலிட்டு மூடவும் கிராம அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் மருத்துவருடன் கலந்து ஏற்பாடு செய்வது பெரிய காரியமன்று. பார்வோவினால் குட்டி இறந்த வீட்டில், அது கிடந்த இடத்தின் மண்ணில் விஷக்கிருமி பல மாதம் உயிருடனிருக்கும். பினாயிலுக்கு அது சாவதில்லை. தளத்தையும் சட்டியையும் வெளுப்புத்தூள் கரைசலால் கழுவவேண்டும். தடுப்பூசி முடியாத வேறு குட்டியை அவ்வருஷம் அங்கே கொண்டுவரலாகாது.