பென்சிலில் எழுதிய கட்டணம்



1980-களில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்திருக்காவிட்டால் எங்களைப் போன்ற பல குடும்பங்களில் முதல் பட்டதாரியே உருவாகியிருக்க முடியாது. அரசுக் கல்லூரி இடங்கள் எத்தனை பேருக்குப் போதும்? அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால், கலந்தாய்வில் இடம் கிடைத்து, முதல் பட்டதாரி சலுகையும் கழிந்த பிறகு மகளைச் சேர்க்கப் போனபோது, ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்கள். வேலைவாய்ப்புப் பயிற்சி, சீருடை, பேருந்து, 'இதர' என்று வரிசையாகப் போட்டு, கீழே பென்சிலில் கூட்டுத்தொகை. ரசீது கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். அன்று மாலையே என் மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. அருமையான ஏற்பாடு. என் மகள் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி. அவளுக்கு அது கிடையாது.

கட்டண நிர்ணயக் குழு தொகையை அறிவித்ததோடு நிற்காமல், சேர்க்கை நாட்களில் கல்லூரிகளுக்கே வந்து பார்க்க வேண்டும். பேருந்துக் கட்டணம் உட்பட எல்லாமே, பிள்ளைகள் கல்லூரி விருப்பப் பட்டியலை நிரப்பும்போதே கண்ணெதிரே தெரிய வேண்டும்.

– ஒரு தந்தை, விருதுநகர் மாவட்டம்