பாரம் இழுக்கும் சக்கரம்

மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் முகவெட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் வீட்டுப் பெரியவர்கள் சும்மா விடுவதில்லை. குணம் என்ன, உழைப்பு எப்படி என்று துருவிக் கேட்பார்கள். மோட்டார் வண்டிக்குப் புதுச் சக்கரம் வாங்கும்போது மட்டும் ஏனோ அந்த விவேகம் நம்மை விட்டு அகன்றுவிடுகிறது. பளபளப்பு கண்ணைப் பறிக்கிறது; விலையைக் கேட்கிறோம்; பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். தனியாக ஓடும் வண்டிக்கு இதனால் கெடுதல் நேராமலும் போகலாம். பின்னால் பாரம் இழுக்கும் வண்டியின் சமாசாரமே வேறு.

அமெரிக்காவை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். அங்கே 'பிக்கப்' என்னும் திறந்த முதுகு வண்டி பல குடும்பங்களின் சொந்த வாகனம். குதிரைப் பெட்டி, படகு, அடுப்பும் படுக்கையும் அமைந்த நடமாடும் வீடு முதலியவற்றையெல்லாம் அதில் மாட்டி இழுத்துச் செல்கிறார்கள். இழுக்கப்படும் பாரம் முழுவதையும் அதனுடைய சொந்தச் சக்கரங்களே சுமப்பதாக நினைப்பது பிழை. பின்புறத்துக் கொக்கியில் மாட்டும் பார வண்டியின் எடையில் சாதாரணமாக 100க்கு 10 முதல் 15 பங்கு வரை முன்வண்டியின்மேல் அழுந்துகிறது. 3,000 கிலோ பாரமானால் 300 முதல் 450 கிலோ வரை! கொக்கி பின் அச்சுக்கும் அப்பால் இருப்பதால், நெம்புகோல் நியாயப்படி, பின் அச்சு அதைவிட அதிகமாகவே தாங்க நேரிடும்.

ஆகையால் கடைக்குப் போகுமுன் ஓட்டுநரின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். ஒவ்வோர் அச்சும் எவ்வளவு தாங்கலாம் என்பது அதில் இருக்கும். பின் அச்சுக்கு 2,800 கிலோ என்று கண்டிருந்தால், பக்கத்துக்கு ஒரு சக்கரமுள்ள வண்டியில் ஒவ்வொன்றும் குறைந்தது 1,400 கிலோ தாங்க வேண்டும். சக்கரத்தின் சக்தி பெரும்பாலும் அதன் உட்புறத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கடைக்காரரோ வெளிமுகத்தைத்தான் காட்டுவார்! அதைத் திருப்பிப் பார்ப்பவரே புத்திசாலி. எண்ணும் இல்லை, தயாரித்தவரின் எழுத்து மூலமான உறுதியும் இல்லையென்றால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

டயருக்கும் இதே கணக்குத்தான். அதன் பக்கவாட்டில் 121/118 என்று இருந்தால், தனிச் சக்கரமாக ஓடும்போது 1,450 கிலோவும், இரட்டையாக ஓடும்போது ஒவ்வொன்றும் 1,320 கிலோவும் தாங்கும் என்று பொருள். உரிய காற்று இருந்தால்தான் இந்தக் கணக்குச் செல்லும். பாரமான டயர்கள் சிலவற்றில் சதுர அங்குலத்துக்கு 80 ராத்தல் வரை காற்றடைக்க வேண்டும். சக்கரமும் அந்த அழுத்தத்துக்கு ஏற்றதாயிருத்தல் அவசியம். டயர், சக்கரம் இரண்டில் எது குறைவோ, அதுவே வண்டியின் பலம்.

அடுத்தது பொருத்தம். எட்டு போல்ட்டுகள் உள்ள சக்கரங்கள் எல்லாம் ஒன்றல்ல. போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் பல பழைய வண்டிகளில் 165.1 மில்லி மீட்டர். 1999 முதல் வந்த போர்டு 'சூப்பர் டியூட்டி'யின் தனிச் சக்கர வகையில் 170. 2011 முதல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் அதே வகைக் கனரக பிக்கப்புகளில் 180. ஐந்து மில்லி மீட்டர் பேதம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் போல்ட்டுக்குத் தெரியும். மரை உட்காரும் இடம் கூம்பா, உருண்டையா, தட்டையா என்பதும் ஒத்திருக்க வேண்டும். சக்கரம் வெளியே துருத்தி நின்றால் கம்பீரமாகத் தோன்றலாம்; அது துருத்தத் துருத்த, அச்சின் பேரிங்குகளின்மேல் விழும் பளு கூடுகிறது.

இரும்பா, அலுமினியமா என்று சிலர் தர்க்கம் செய்வார்கள். குழியில் மோதினால் இரும்பு பெரும்பாலும் நெளியும். வார்ப்பு அலுமினியம் விரிசல் விடவும் கூடும். அடித்து உருவாக்கிய அலுமினியமோ இலேசாகவும் உறுதியாகவும் இருக்கும். விலைதான் சற்று அதிகம். எதுவானாலும் தீர்ப்புச் சொல்ல வேண்டியது பொறித்த எண்ணேயன்றி உலோகத்தின் பெயரல்ல.

மாட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. வண்டிக்கு விதித்த அளவுப்படி, முறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானரால் மரைகளை முடுக்க வேண்டும். 80 முதல் 160 கிலோ மீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் சோதிக்க வேண்டும். புதுச் சக்கரம் தன் இடத்தில் படிந்து அமரும்போது மரைகள் இளகுவது உண்டு. மாற்றுச் சக்கரமும் அதே பாரத்தைத் தாங்கக்கூடியதாக இருக்கட்டும். இல்லாவிடில் நடுவழியில் அது ஒரு வேண்டாத சுமையே.

இவ்வளவு விசாரம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். நெடுஞ்சாலையில் சக்கரம் உடைந்தாலும் கழன்றாலும், கஷ்டம் வாங்கியவரோடு நிற்பதில்லை. பின்னால் வரும் பாரம் முன்வண்டியையே புரட்டிவிடலாம். கழன்ற சக்கரம் எதிரே வரும் வண்டியில் பாயலாம். அந்த வண்டியில் இருக்கும் குழந்தைகள் நமது சக்கரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் அதை ஒரு முறை திருப்பிப் பார்க்கச் சொல்கிறோம்.